சிங்க் காலியானா பாதி வீடு சுத்தம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, நான் தாம்பரம் பக்கத்துல இருக்கேன். ரெண்டு பெட்ரூம் ஃப்ளாட். நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறோம், பையன் நாலாவது படிக்கிறான், பொண்ணு யூகேஜி, கூட மாமியார் இருக்காங்க, 68 வயசு, சுகர் உண்டு. காலைல 8 மணி டிரெயினைப் பிடிக்கறதுக்குள்ள உயிர் போயிடுது. ஞாயித்துக்கிழமை ஃபுல்லா உக்காந்து க்ளீன் பண்றேன், செவ்வாய்க்கிழமைக்குள்ள பழையபடி ஆயிடுது. யூடியூப் பாத்து டைம்டேபிள் போட்டு ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன், 4 நாள்கூட ஓடல. யாராவது காலிங் பெல் அடிச்சா வயித்துல புளியைக் கரைக்குது. என்ன பண்றதுன்னே தெரியல.

பதில்: உங்க கடிதத்தை ரெண்டு தடவ படிச்சேன்மா. அந்த காலிங் பெல் பயம் எனக்கும் இருந்துச்சு, பசங்க சின்னதா இருந்தப்ப 5, 6 வருஷம் அப்படித்தான் ஓடுச்சு, அதனால இது உங்க சோம்பேறித்தனம்னு தயவுசெஞ்சு நினைக்காதீங்க.

முதல்ல அந்த ஞாயித்துக்கிழமை வேலையை விடுங்க. 5 பேர் இருக்கற வீட்ல குப்பை தினமும் சேருது, தினமும் மூணு வேளை பாத்திரம் விழுது, தினமும் அழுக்குத்துணி விழுது, அதை ஒரே நாள்ல அடிச்சுத் தள்ளணும்னு பாத்தா உடம்புதான் போகும். அந்த டைம்டேபிளும் ஏன் ஓடலன்னா அது நாள் பூரா வீட்ல இருக்கறவங்களுக்குப் போட்டது, 8 மணி டிரெயின் பிடிக்கறவங்களுக்குப் போட்டது இல்ல.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். ராத்திரி படுக்கப் போகும்போது சிங்க் காலியா, காஞ்சு இருக்கணும். ஹால் எப்படி வேணா கெடக்கட்டும், துணி மடிக்காம சேர்ல குமிஞ்சு கெடக்கட்டும், சிங்க் மட்டும் காலி. ஏன்னா காலைல எழுந்து வந்தவுடனே கண்ணுல படறது சமையல்கட்டு, அங்க ராத்திரி பாத்திரம் குமிஞ்சிருந்தா பால் காய்ச்ச ஒரு பாத்திரம் தேய்ச்சு, டிபனுக்கு ஒண்ணு தேய்ச்சுன்னு அங்கேயே அரைமணி நேரம் போயிடும், அந்த எரிச்சலோடதான் பசங்களையும் எழுப்புவோம். கரப்பானுக்கும் ராத்திரில வேண்டியது தண்ணியும் எச்சிலும்தான், சிங்க் காஞ்சிருந்தா அது வர்றதும் குறையும். இதுக்கு ஒரு சின்ன வேலை முன்னாடியே செய்யணும், சாதம் வெச்ச பாத்திரம், பால் பாத்திரம், மாவு கரைச்ச குண்டான் மூணும் காலியான அந்த நிமிஷமே தண்ணி ஊத்தி வெச்சிடணும். காய விட்டா கல்லு மாதிரி ஒட்டிக்கும், ஊறினா கை வெச்சாலே வந்துடும். குக்கர் விசில் வர்ற வரைக்கும் அடுப்புகிட்ட நிக்கறோம்ல, அந்த நேரத்துல மேடையை ஒரு துடை, மிக்ஸி மேல ஒரு துடை. மூணு விசிலுக்குள்ள மேடை முடிஞ்சிடும். மிக்ஸி மூடில இருக்கற ரப்பரை மட்டும் வாரம் ஒருக்கா கழட்டிப் பாருங்க, உள்ள கறுப்பா பூஞ்சை பிடிச்சிருக்கும்.

ரெண்டாவது, கிழமை. நம்ம அம்மாங்க யாரும் டைம்டேபிள் எழுதி ஒட்டினதில்ல, ஆனா கிழமையே அவங்களுக்கு டைம்டேபிளா இருந்துச்சு. வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கக் கூடாதுன்னு வியாழக்கிழமையே சாமி விளக்கைத் தேய்ச்சு வீட்டைத் துடைச்சிடுவாங்க. ஆம்பளைங்களுக்கு சனிக்கிழமை எண்ணெய்க்குளியல், குளிச்சு முடிச்சா பாத்ரூம் தரை வழுக்கும், அதனால அன்னைக்கே அதையும் தேய்ச்சு விட்டுடுவாங்க. பரண், லாஃப்ட், ஒட்டடை எல்லாம் ஆயுத பூஜைக்கு ஒரு தடவ, போகிக்கு ஒரு தடவ, அவ்வளவுதான், மத்த நாள்ல யாரும் பரணைப் பத்தி நினைச்சுக்கூட பாக்க மாட்டாங்க! நீங்களும் அப்படியே ஒரு நாளைக்கு ஒரு இடம், 15 நிமிஷம், மொபைல்ல அலாரம் வெச்சுக்கிட்டு. திங்கள்ல பாத்ரூம்னா பாத்ரூம் மட்டும். 15 நிமிஷத்துல முடியலன்னா அடுத்த திங்கள் பாத்துக்கலாம், அதுக்காக உக்காந்து இழுக்காதீங்க. ஒரு நாள் விட்டுப்போச்சா, விட்டதைச் சேத்து மறுநாள் செய்யாதீங்க, அதுதான் டைம்டேபிளைக் கொல்றது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். உங்க கடிதத்துல "நான் க்ளீன் பண்றேன், நான் ஒட்டினேன்"னுதான் இருக்கு, வீட்டுக்காரர் என்ன செய்றார்னு ஒரு வரிகூட இல்ல. 2019ல மத்திய அரசோட புள்ளியியல் அலுவலகம் நாடு பூரா எடுத்த நேரப் பயன்பாட்டு சர்வேல, வீட்டு வேலை பாக்கற பொம்பளைங்க ஒரு நாளைக்கு சராசரியா 299 நிமிஷம் அதுல போடறாங்க, ஆம்பளைங்க 97 நிமிஷம்னு வந்துச்சு. அந்த 97ம் வீட்டு வேலைன்னு ஏதாவது செய்யற ஆம்பளைங்களை மட்டும் வெச்சு எடுத்த கணக்கு, அப்படிச் செய்யறவங்களே நூத்துக்கு 26 பேர்தான். 5 மணி நேரம்மா! நீங்க ஆபீஸ் போயிட்டு வந்து இந்த 5 மணி நேரத்தை எங்க இருந்து எடுப்பீங்க? 2023 ஜூன்ல சென்னை உயர்நீதிமன்றம்கூட, வீட்டைப் பாத்துக்கற மனைவியோட உழைப்பும் கணவர் சொத்து சேக்கறதுக்குக் காரணம், அதனால அந்தச் சொத்துல அவங்களுக்கும் சம பங்கு உண்டுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. அவ்வளவு பெரிய உழைப்பு இது.

அதனால அவர்கிட்ட "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க"ன்னு கேக்காதீங்க, ஹெல்ப்புனு சொன்னா வேலை உங்களோடதுன்னு ஆயிடும். ரெண்டு வேலையை முழுசா அவர் பேருக்கே மாத்தி விடுங்க. எங்க வீட்ல ராத்திரி பாத்திரமும் குப்பையும் அவரோடது. மக்கும் குப்பை, மக்காத குப்பை பிரிச்சு வெச்சு காலைல வண்டி வரும்போது கொடுக்கற வரைக்கும் அவர்தான், கவர் தீந்துபோச்சுன்னா வாங்கறதும் அவர்தான், நான் ஞாபகப்படுத்த மாட்டேன். முதல் மாசம் பாத்திரத்துல எண்ணெய்ப் பிசுக்கு இருந்துச்சு, நான் மறுபடி எடுத்துத் தேய்க்கல, கூப்பிட்டுக் காட்டினேன், அதுக்கப்புறம் சரியாயிடுச்சு. நீங்களும் மறுபடி தேய்க்காதீங்க, அது ரொம்ப முக்கியம்.

பையனுக்கு 9 வயசு இருக்கும்ல, ஸ்கூல்ல இருந்து வந்ததும் டிபன் பாக்ஸைத் திறந்து தண்ணி ஊத்தி வைக்கறது அவன் வேலை. பாப்பா செருப்பை எல்லாம் ஜோடி சேத்து அடுக்கட்டும், அந்த வயசுல அதை ஆசையா செய்வாங்க. அத்தைகிட்ட உக்காந்து செய்யற வேலையா கேளுங்க, துணி மடிக்கறது, பூண்டு உரிக்கறது, கீரை ஆயறது. கேக்கறதுல ஒரு மரியாதை இருக்கு, "நீங்க மடிச்சா நல்லா இருக்கு அத்த"ன்னு சொல்லிப் பாருங்க. கால்ல புண்ணு வராம பாத்துக்கணும், சுகர் இருக்கறதால தரைல பொம்மை, லெகோ துண்டு கெடக்கக் கூடாது, வீட்ல எதைப் பெருக்காம விட்டாலும் அவங்க நடக்கற வழியை மட்டும் தினமும் பெருக்கிடுங்க.

கேள்வி: நான் ஸ்ரீரங்கம், ரிட்டயர்ட். 66 வயசு. என் மனைவிக்கு முட்டி மாற்று ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்து 5 நாள் ஆகுது. பசங்க வெளியூர்ல. நான் இதுவரைக்கும் தொடப்பத்தைக் கையில எடுத்ததில்லை, இப்ப எல்லாம் நான்தான் செய்யணும். எங்க ஆரம்பிக்கறது?

பதில்: ஐயா, இதைக் கேட்டு எழுதினீங்களே, அதுவே எனக்கு ரொம்ப சந்தோஷம். அவங்க நல்லபடியா நடக்கணும்.

இந்த 2 மாசத்துக்கு உங்க வீட்ல சுத்தம்னா ஒரே அர்த்தம்தான், அவங்க வழுக்கி விழக் கூடாது. கால்மிதியடி, சின்ன கார்ப்பெட், தரைல ஓடற ஒயர் எல்லாத்தையும் இன்னைக்கே எடுத்துடுங்க. பாத்ரூம் தரையை ஒவ்வொரு தடவையும் வைப்பர் போட்டு இழுத்து விடுங்க, ஈரமே இருக்கக் கூடாது. வீடு துடைக்கறது அவங்க மதியம் படுத்திருக்கும்போது செய்யுங்க, காலைல வேணாம். முதல்ல பெருக்கிடணும், பெருக்காம துடைச்சா தூசி சேறாயிடும். உள்மூலைல ஆரம்பிச்சு வாசக்கதவைப் பாத்து பின்னாடியே நகர்ந்து வாங்க, ரெண்டு பக்கெட், ஒண்ணு சோப்பு போட்ட தண்ணி, ஒண்ணு மாப் அலச. மாப்பை நல்லா பிழிஞ்சுடணும், சொட்டச் சொட்டத் துடைச்சா காய அரைமணி ஆகும், அதுக்குள்ள அவங்க எழுந்துட்டா வம்பு. ஃபேனைப் போட்டு விடுங்க. குனிஞ்சு துணியால துடைக்க வேணாம், உங்க முதுகையும் பாக்கணும், குச்சி வெச்ச மாப் போதும்.

பாத்திரத்துக்கு ஒரு வரிசை இருக்கு. டம்ளர், ஸ்பூன் முதல்ல, அப்புறம் தட்டு, கடைசியா எண்ணெய்ச் சட்டி. தலைகீழா செஞ்சா டம்ளர் எல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும், காபில வாடை வரும்.

அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் அவங்களைக் கூப்பிட்டு "இது எங்க இருக்கு, அது எங்க இருக்கு"ன்னு கேக்காதீங்க. ஒரு நாள் சாயங்காலம் பக்கத்துல உக்காந்து, எந்த டப்பாவுல என்ன, எந்தத் துணி எதுக்குன்னு ஒரு நோட்டுல எழுதிக்கோங்க. 40 வருஷமா அவங்க மனசுல மட்டும் இருந்த கணக்கு அது. வாசல்ல கோலம் இல்லன்னு அவங்களுக்குக் கஷ்டமா இருக்கும். தண்ணி தெளிச்சு நீங்களே ஒரு நாலு புள்ளி வெச்சுப் போட்டுடுங்க ஐயா, ஜன்னல் வழியா பாக்கட்டும்.

கேள்வி: திருப்பூர்ல வாடகை வீடு, போர் தண்ணி. குழாய், பாத்ரூம் டைல்ஸ் எல்லாம் வெள்ளையா உப்பு. போன வாரம் ஆசிட் ஊத்தி, போகலன்னு மேல ப்ளீச்சிங் பவுடரும் போட்டேன், ஒரு புகை மாதிரி வந்து கண்ணு எரிஞ்சு ஒரு மணி நேரம் இருமல். ஏன் அப்படி?

பதில்: நல்லவேளை, தப்பிச்சீங்கமா. டாய்லெட் ஆசிடும் ப்ளீச்சிங் பவுடரும் சேந்தா குளோரின் வாயு வரும், முதல் உலகப்போர்ல 1915ல ஆயுதமா விட்ட அதே வாயு. காத்து போகாத சின்ன பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. ஒண்ணு போட்டா இன்னொண்ணு அன்னைக்கு கிட்டயே வரக் கூடாது, வீட்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க, வேலைக்கு வர்ற அக்காகிட்டயும் மறக்காம சொல்லுங்க, பாவம் அவங்க ஒரே நாள்ல நாலு வீட்டு பாத்ரூம் கழுவறாங்க. இன்னொரு தடவ நெடி வந்தா கழுவி விடணும்னு உள்ள நிக்காதீங்க, உடனே வெளிய வந்துடுங்க, மூச்சு இழுத்தா ஆஸ்பத்திரி.

உப்புக்கறைக்கு வினிகர் போதும். துணியை வினிகர்ல நனைச்சு குழாயைச் சுத்தி அரைமணி கட்டி வைங்க, எலுமிச்சம்பழத் தோலும் சரிதான், அப்புறம் பழைய டூத்பிரஷ்ல தேய்ச்சா உதிரும். ஆனா மார்பிள், மொசைக் தரைல வினிகர், எலுமிச்சை எதுவும் படக் கூடாது, கறையை அரிக்கற அதே புளிப்பு கல்லையும் அரிச்சிடும். உண்மையான மருந்து என்னன்னா குளிச்சு முடிச்சதும் வைப்பர் போட்டு இழுக்கறது, குழாயை ஒரு துணியால ஒத்தி எடுக்கறது. தண்ணி காயும்போதுதான் உப்பு தங்குது, தண்ணியே நிக்கலன்னா உப்பு எங்க இருந்து வரும்?

கேள்வி: திண்டுக்கல்ல இருந்து எழுதறேன். பாப்பாவுக்கு வீசிங். டாக்டர் வீட்டைத் தூசி இல்லாம வெச்சுக்கச் சொல்றார், நான் ரெண்டு வேளை பெருக்கறேன், இருந்தும் பெருக்கினதும்தான் இருமல் ஜாஸ்தியாகுது.

பதில்: பெருக்கறதால தூசி போகலம்மா, பாதி எழும்பிக் காத்துல மிதக்குது, அதைத்தான் பாப்பா சுவாசிக்குது. அவ ஸ்கூல்ல இருக்கற நேரமா பாத்துப் பெருக்குங்க, ஃபேனை நிறுத்திட்டு, பெருக்கினதும் ஈர மாப். ஃபேன் இறக்கை, ஜன்னல் கம்பி எல்லாம் ஈரத்துணியாலதான், காஞ்ச துணியால தட்டவே கூடாது.

அதைவிட முக்கியம் தலைகாணி. கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஒண்ணு மெத்தை தலைகாணில இருக்கும், நம்ம உடம்புல உதிர்ற தோலைத் தின்னு வாழறது, வீசிங் உள்ள நிறைய குழந்தைங்களுக்கு அதுதான் ஆகாது. வாரம் ஒரு தடவ உறை, பெட்ஷீட்டை 60 டிகிரி சூட்டுத் தண்ணில துவைச்சு வெயில்ல காயப் போடுங்க, தலைகாணியையும் மொட்டை மாடில போடுங்க, நம்ம ஊர் வெயிலுக்கு என்ன குறைச்சல். கட்டில்மேல அடுக்கி வெச்சிருக்கற டெடி பொம்மைல ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததைக் கட்டி மேல போட்டுடுங்க. கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, ஊதுபத்திப் புகை அவ இருக்கற ரூம்ல வேணாம். சாமிக்கு விளக்கு ஏத்தினா போதும், பூ வைங்க. இன்ஹேலரை மட்டும் வீடு சுத்தமாயிடுச்சுன்னு நீங்களா நிறுத்திடாதீங்க.

கேள்வி: கடலூர். தினமும் வீடு துடைக்கறோம், இருந்தும் பகல்லயே கொசு கடிக்குது. பக்கத்து தெருல டெங்கு.

பதில்: பகல்ல கடிக்கற டெங்கு கொசு சாக்கடைல வளர்றது இல்லங்க, வீட்டுக்குள்ள இருக்கற நல்ல தண்ணிலதான். முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால வாரத்துல ஒரு கிழமையை முடிவு பண்ணி அன்னைக்குத் தண்ணி பிடிச்சு வெச்ச அண்டா, டிரம், பூந்தொட்டி தட்டு எல்லாம் காலி பண்ணணும். கொட்டினா மட்டும் பத்தாது, முட்டை பாத்திரத்து ஓரத்துல ஒட்டிக்கிட்டு தண்ணி இல்லாமயே மாசக்கணக்குல இருக்கும், நாரு போட்டு உள்பக்கம் தேய்க்கணும். தேய்ச்சு தண்ணி பிடிச்சதும் மூடி போடுங்க, மூடி இல்லன்னா துணி கட்டுங்க. ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி கீழ ஒரு தட்டு இருக்கும், அதுலயும் தண்ணி சேரும், இன்னைக்கே நகர்த்திப் பாருங்க.