செம்பனைக்குள் முடிந்துபோகும் பாதை

செம்பனைத் தோட்டத்துக்குள்ள (எண்ணெய்ப் பனைதான்) நீங்க போன அந்தத் தடத்தில் மறுபடி போகாதீங்க. அது சாலை இல்லை, குலை வெட்டுறவங்க நடக்கிற வழி. மலேசியாவின் சிலாங்கூரில், கோலகுபு பாருவிலிருந்து கெர்லிங் வரை கார் தொல்லை இல்லாம தோட்டத்துக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கலாம்னு போய், போன் காட்டின கோடு பெரிய வாய்க்கால் முன்னால நின்னுபோச்சுன்னு எழுதியிருக்கீங்க.

காரணம் பெரும்பாலும் இதுதான். செம்பனையில் ஒரு வரிசை இடைவெளியை நடக்க விட்டு, அடுத்ததில் வெட்டின மட்டைகளை அடுக்குவாங்க. மேலிருந்து எடுத்த படத்தில் நடக்கிற இடைவெளி அசல் சாலை மாதிரியே தெரியும்.

கிளம்பும் முன்னே படத்தைப் பெரிசாக்கி, வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும் பாதை அதே அகலத்தில் தொடருதான்னு பாருங்க. நேரில் இன்னும் சுலபம்: குனிஞ்சு மண்ணைப் பாருங்க. இரண்டு பக்கமும் லாரிச் சக்கரம் அழுத்தின பள்ளம் இருந்தா தைரியமா போகலாம். நடுவில் தள்ளுவண்டியோட ஒற்றைத் தடம் மட்டும் ஓடி, ஓரத்தில் உதிரிப் பழம் கிடந்தா அங்கேயே திரும்பிடுங்க.

ஒண்ணு சொல்லியே ஆகணும். தோட்டம் தனியார் நிலம், கேட்டில் ஜாகாவிடம் (காவலாளியிடம்) கேட்காம நுழையாதீங்க. ஞாயிற்றுக்கிழமை லாரி குறைவு, நிம்மதியா மிதிக்கலாம். மட்டை முள் டயரை நேராக் குத்தும், அதனால இரண்டு டியூப் கையில் இருக்கட்டும். மழை பெய்த மறுநாள் வேண்டாம், செம்மண் மட்கார்டுக்குள்ள அப்பிச் சக்கரத்தையே பிடிச்சுக்கும்.

பிரேசர் மலைக்கும் இப்படி வழி தேடுறீங்கன்னா, அங்கே 55ஆம் எண் கூட்டரசு சாலைதான். காடும் ஆறும் கூடவே வரும், கார்களும் வரும். விடியற்காலையில் ஏறுங்க.