மாடல் ரயில் லேஅவுட்டில் கேட், கைகாட்டி எல்லாம் அசைய சர்வோ மோட்டார் போதுமா? எதிலிருந்து தொடங்கலாம்?

தாராளமாகப் போதும். சர்வோ என்பது நாம் சொல்லும் கோணத்துக்குத் திரும்பி அங்கேயே நிற்கும் சின்ன மோட்டார். சின்ன அசைவுகளுக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரிந்து இல்லை. சிங்கப்பூரில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டில் சுவரோரம் மடக்கி வைக்கும் பலகையில் எச்ஓ அளவில், அதாவது 1:87-ல், ஒரு லேஅவுட் வைத்திருக்கிறேன். ரயில்வே கேட், கைகாட்டி, பாயின்ட் (வண்டியைத் தடம் மாற்றிவிடும் தண்டவாளப் பிரிவு), ஸ்டேஷன் மாஸ்டரின் கை என்று அதில் அசைகிற எல்லாமே சர்வோதான்.

வாங்க வேண்டியது எஸ்ஜி90 என்ற 9 கிராம் நீலக் குட்டி. சிம் லிம் டவர் கடைகளில் சில வெள்ளிக்குக் கிடைக்கும். மூன்று கம்பிகள் இருக்கும்: பழுப்பு கிரவுண்ட், சிவப்பு 5 வோல்ட், ஆரஞ்சு சிக்னல். 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஆரஞ்சுக் கம்பியில் ஒரு துடிப்பு போகும். அது 1.5 மில்லிசெகண்ட் நீடித்தால் சர்வோவின் கை நடுவில் நிற்கும். கூட்டினால் ஒரு பக்கம், குறைத்தால் மறுபக்கம். அவ்வளவுதான் சமாச்சாரம்.

பலரும் கோட்டை விடுவது மின்சாரத்தில் இல்லை, கம்பி கட்டுவதில். கைகாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இழுப்புக் கம்பி இரண்டரை மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். சர்வோ கையின் கடைசி ஓட்டை அச்சிலிருந்து சுமார் 15 மி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே கம்பியை மாட்டினால் சர்வோ மொத்தமே 10 பாகைதான் திரும்பும். இந்த மலிவு சர்வோவோ ஒரு பாகைக்குக் குறைந்த மாற்றத்தைக் கண்டுகொள்ளாது. ஆக, முழு அசைவும் பத்து வெட்டு வெட்டிப் போகும், பார்க்கச் சகிக்காது. அதே கம்பியை அச்சுக்கு மிக அருகில், 4 மி.மீ. தூரத்து ஓட்டையில் மாட்டி, பலகைக்கு அடியில் அசைவைப் பாதியாக்கும் ஒரு நெம்புகோலையும் வைத்தால், அதே இரண்டரை மி.மீ.க்கு சர்வோ 80 பாகை திரும்ப வேண்டியிருக்கும். இப்போது கைகாட்டி வழுக்கிக்கொண்டு இறங்கும். நிரலில் ஒரு வரியும் மாற்றாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

மீதிப் பாதி வேகம். எஸ்ஜி90 தன் போக்கில் விட்டால் 60 பாகையை 0.1 வினாடியில் தாண்டும். எந்த ஊர் கேட்டும் அப்படி விழாது. இறங்க ஏழெட்டு வினாடியாவது எடுத்துக்கொள்ளட்டும். ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகைக்கு நிரல் எழுதுகிறவர்கள் கோணத்தைப் பாகையில் கொடுக்காமல், துடிப்பின் நீளமாக மைக்ரோசெகண்டில் கொடுத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். கைகாட்டிக்கு இன்னொரு அழகு உண்டு: கை பழைய இடத்துக்குத் திரும்பும்போது முட்டி, இரண்டு தரம் லேசாகத் துள்ளி நிற்கும். அந்தத் துள்ளலைச் சேர்த்துவிட்டால் பார்க்க வருகிறவர்கள் ரயிலை விட்டுவிட்டுக் கைகாட்டியைத்தான் பார்ப்பார்கள்.

ரயில், கேட் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து இயக்கும் டிஜிட்டல் கட்டுப்பாடு என்று வரும்போது நான் சொல்வது டிசிசி-இஎக்ஸ். இலவசத் திறமூல மென்பொருள், ஆர்டுயினோ மெகாவில் ஓடும். பிசிஏ9685 என்ற பலகையைச் சேர்த்தால், இரண்டே தகவல் கம்பியில் 16 சர்வோக்களை ஆட்டலாம். மெதுவாக, வேகமாக, துள்ளலோடு என்று அசைவின் வகையையும் அதிலேயே தேர்ந்தெடுக்கலாம். ரயிலை ஓட்டும் அதே கருவியிலிருந்து கேட்டையும் மூடலாம். தண்டவாளத்தில் ஓர் இன்ஃப்ராரெட் சென்சார் வைத்தால், வண்டி நெருங்கும்போது கேட் தானாகவே மூடிக்கொள்ளும்.

சர்வோவுக்கு ஆர்டுயினோவின் 5 வோல்ட் முனையிலிருந்து மின்சாரம் எடுக்காதீர்கள். தனியாக 5 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். இரண்டின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும். சர்வோவுக்குப் போகும் 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று வைத்தால் சர்வோவின் நடுக்கம் பெருமளவு அடங்கும். அப்புறம், சும்மா நிற்கும்போதும் சர்வோ எழுப்பும் ரீங்காரம். ஒருநாள் இரவு அத்தை அறை வாசலில் நின்று, "என்ன மாப்பிள்ளை, இங்க கொசு நுழைஞ்சிடுச்சா?" என்று கேட்டார். அசைவு முடிந்ததும் சிக்னலை நிறுத்திவிட்டால் சத்தம் போய்விடும். கேட்டின் பிளாஸ்டிக் கம்பு போன்ற லேசான சுமையைப் பற்சக்கரங்களே பிடித்துக்கொள்ளும். சர்வோவை ஒட்ட இரட்டைப் பக்க டேப் வேண்டாம், நம்மூர்ப் புழுக்கத்தில் அது நழுவும். திருகு போடுங்கள்.

எதை அசைப்பது என்பது அவரவர் ஆசை. 2011 ஜூன் 30 வரை மலேசியாவின் கேடிஎம் ரயில் சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் நிலையத்துக்கு வந்துபோன காலத்தில், புக்கித் தீமா நிலையத்தில் ஊழியர் நின்று ஓட்டுநரிடம் வளையத்தோடு டோக்கனை, அதாவது ஒற்றைப் பாதையில் போவதற்கான அனுமதி அடையாளத்தை, கைமாற்றுவார். என் ஸ்டேஷன் மாஸ்டர் அவர்தான். இரண்டு சென்டிமீட்டர் உயரம். தோளில் துளை போட்டு, மெல்லிய கம்பியைக் கால் வழியாகக் கீழே இறக்கியிருக்கிறேன். வண்டி வரும்போது கை உயரும், அவ்வளவே. தலை, இடுப்பு என்று எல்லாவற்றையும் ஆட்டப் போனால் பொம்மலாட்டமாகிவிடும்.

தொடங்குவது கேட்டிலிருந்து என்றால் நல்லது. கம்பு ஏறக்குறைய 80 பாகை திரும்புவதால், சர்வோவின் அசைவை அப்படியே கொடுத்துவிடலாம், நெம்புகோல் தேவையில்லை. அடுத்து கைகாட்டி. பாயின்ட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தண்டவாள முனை நகர்வதோடு, உலோகத் தவளை (இரு தடங்களின் தண்டவாளங்கள் குறுக்கிடும் முனை) உள்ள பாயின்ட் என்றால் அந்தத் தவளைக்குப் போகும் மின் இணைப்பும் பக்கம் மாற வேண்டும். அதற்கு சர்வோ கை அழுத்துகிற மாதிரி ஒரு மைக்ரோசுவிட்ச் வைக்க வேண்டிவரும்.