கப்பலில் பிள்ளைகளுக்கு விளையாட்டும் சோறும்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நான் பாளையங்கோட்டைக்காரன். சொகுசுக் கப்பல்களின் டைனிங் ரூமில் 14 வருடம் வேலை பார்த்தேன். உதவி வெயிட்டராக ஏறினேன், ஹெட் வெயிட்டராக இறங்கினேன். முழுப் பரீட்சை லீவுக்குக் கப்பலில் போக நினைக்கும் நம் பக்கத்துக் குடும்பங்கள் பிள்ளைகளைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் நிறையக் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

வள்ளியூரிலிருந்து ஒரு தங்கச்சி: அண்ணே, மகளுக்கு இரண்டே முக்கால் வயது. கப்பலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் கிட்ஸ் கிளப்பில் விட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார். நடக்குமா?

நடக்காது தங்கச்சி. பெரும்பாலான பெரிய கப்பல்களில் கிட்ஸ் கிளப்புக்கு 3 வயது முடிந்திருக்க வேண்டும், டயபரையும் விட்டிருக்க வேண்டும். ராயல் கரீபியன் கம்பெனியின் அட்வென்ச்சர் ஓஷன், டிஸ்னி கம்பெனியின் ஓஷனியர் கிளப் இரண்டிலும் இதுதான் விதி. பாஸ்போர்ட்டில் பிறந்த தேதி இருக்கிறது. "மூணு மாசம்தானே குறையுது" என்று வாசலில் நின்று கெஞ்சிய பெற்றோர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஒருவருக்கும் விடவில்லை.

6 மாதத்திலிருந்து 3 வயது வரை சில பெரிய கப்பல்களில் நர்சரி உண்டு. அதற்கு மணிக்கணக்கில் காசு. இடமும் கொஞ்சம்தான், முன்பே பதிவு செய்ய வேண்டும். இன்னொன்று, டயபர் போடும் குழந்தையைப் பொது நீச்சல் குளத்தில் இறக்க விடமாட்டார்கள். நீச்சலுக்கென்று விற்கும் டயபர் போட்டிருந்தாலும் அதே கதைதான். மகள் தண்ணீரைப் பார்த்து அழ, நீங்கள் கரையில் நின்று சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். மூன்று, நான்கு மாதம் தள்ளிப் போங்கள். கொடுக்கிற காசுக்கு அப்போதுதான் பலன்.

கைக்குழந்தைக்காரர்களும் கேட்டிருந்தீர்கள். 6 மாதம் நிறையாத பிள்ளையைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்றமாட்டார்கள். மூன்று நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து கடலிலேயே ஓடும் பயணமென்றால் 12 மாதம் ஆகியிருக்க வேண்டும். வீட்டில் யாராவது மாசமாக இருந்தால் பயணம் முடியும் நாளைக் கணக்குப் பாருங்கள். அன்றைக்கு 24 வாரத்தைத் தொட்டுவிட்டால் பெரும்பாலான கம்பெனிகள் ஏற்றுவதில்லை.

தென்காசியிலிருந்து ஓர் அண்ணாச்சி: நமக்குப் பக்கத்தில் எங்கே ஏறலாம்? எந்த மாசம் நல்லது?

நம் பிள்ளைகளுக்கு முதல் பயணமென்றால் கொச்சி வசதி. பாலருவி எக்ஸ்பிரஸ் திருநெல்வேலி, தென்காசி, செங்கோட்டை, புனலூர், கொல்லம் வழியாக எர்ணாகுளம் போகிறது. ராத்திரி ஏறினால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். ஆனால் கப்பல் புறப்படும் அன்று காலையில் போய் இறங்குகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். ரயில் தாமதித்தால் கப்பல் காத்திருக்காது. முதல் நாளே போய்த் தங்கிவிடுங்கள்.

கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்தும் ஓடத் தொடங்கியது. அந்தக் கப்பல் 1990-ல் கட்டியது, இன்றைய பெரிய கப்பல்களோடு பார்த்தால் சின்னது. பிள்ளை தொலைந்துபோகும் பயம் குறைவு என்பதால் முதல் பயணத்துக்கு நான் அதைக் குறையாகச் சொல்லமாட்டேன். சிங்கப்பூருக்குப் போய் ஏறினால் கப்பலும் பெரிது, பிள்ளைகளுக்கான ஏற்பாடுகளும் அதிகம். ஆனால் பிள்ளைக்கும் பாஸ்போர்ட், விசா எல்லாம் வேண்டும். கப்பல் வேறு நாட்டுக்குப் போய்த் திரும்பவும் சிங்கப்பூருக்கே வருவதால், ஒரு முறைக்கு மேல் நுழைய அனுமதிக்கும் விசாவா என்று பார்த்து வாங்குங்கள்.

மாசம் கேட்டீர்கள். குற்றாலத்தில் சாரல் அடிக்கிற ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடல் பக்கம் வேண்டாம். நமக்குச் சாரலைத் தருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கே கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. லட்சத்தீவுப் பயணத்துக்கு நவம்பரிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு தாய்: மகனுக்கு 5 வயது. தயிர்ச்சோறு, ரசச்சோறு தவிர எதையும் தொடமாட்டான். நான்கு நாள் என்ன செய்வேன் அண்ணே?

எனக்கு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன் தாயி.

கப்பலில் பிள்ளைகளுக்கென்று தனி மெனு தருவார்கள். அதில் பாஸ்தா, பீட்சா, உருளைக்கிழங்கு வறுவல், சிக்கன் துண்டுகள் இருக்கும். முதல் நாள் ஆசையாகத் தின்பார்கள். இரண்டாம் நாள் வயிறு மந்தமாகிவிடும். மூன்றாம் நாள் "சோறு வேணும்" என்று அழுகை. 14 வருடமும் இதே வரிசையில்தான் பார்த்தேன்.

கார்டிலியாவில் கவலை இல்லை, காலையிலேயே இட்லி, தோசை இருக்கும். சிங்கப்பூரிலிருந்து போகும் ஜென்டிங் ட்ரீம் என்ற கப்பலிலும் இந்தியச் சைவச் சாப்பாடு உண்டு. மற்றக் கப்பல்களில் வாயைத் திறந்து கேட்க வேண்டும். நம் ஆட்கள் கூச்சப்பட்டுக்கொண்டு பஃபேயில் ரொட்டியையும் வாழைப்பழத்தையும் எடுத்துக்கொடுத்துச் சமாளிப்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதல் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஹெட் வெயிட்டரைக் கூப்பிட்டு, "நாளை இரவு பிள்ளைக்குக் குழைந்த சோறும் பருப்பும் இனிப்பில்லாத தயிரும் வேண்டும்" என்று சொல்லுங்கள். நாளைக்கு என்று சொல்வது முக்கியம். ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைக்கும் இடம், அப்போதைக்கப்போது கேட்டால் கிடைக்காது. ஒரு நாள் முன்னால் சொன்னால் பெரும்பாலும் வந்துவிடும். பெரும்பாலான கப்பல்களில் இந்தியச் சமையல்காரர் ஒருவராவது இருப்பார், வேலைக்காரர்களுக்கான சாப்பாட்டுக் கூடத்தில் தினமும் சோறு வடிக்கிறார்கள்.

தயிரில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. காலை பஃபேயில் சின்னக் கிண்ணத்தில் இருப்பது பெரும்பாலும் பழச்சுவை சேர்த்த இனிப்புத் தயிர். அதைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்துவிட்டு முகம் சுளித்த பிள்ளைகள் எத்தனையோ. "ப்ளெயின் யோகர்ட், நோ சுகர்" என்று கேளுங்கள்.

கோவில்பட்டிக் குடும்பம் ஒன்று என் மேஜைக்கு வந்தது. உங்கள் மகன் வயதுப் பையன். இரண்டு நாளாக பிஸ்கட்டைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி, கொல்லத்துக்காரச் சமையல்காரரிடம் சொல்லிச் சோற்றைக் குழைய வேக வைத்து, தயிரும் உப்பும் தனியாக வைத்து, ஓர் அப்பளத்தையும் பொரித்துக் கொண்டுபோனேன். பையன் தட்டைப் பார்த்தான். ஸ்பூனை எடுத்து ஓரமாக வைத்தான். சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டு, தயிரை ஊற்றி நாலு விரலால் பிசைய ஆரம்பித்தான். அடுத்த மேஜையில் வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள், அம்மா சட்டென்று அவன் கையைப் பிடித்தார். "விடுங்கள் தாயி, கையால் சாப்பிட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்றேன். அப்பளத்தை நொறுக்கிச் சோற்றுக்குள் போட்டு, தட்டை வழித்துத் தின்றுவிட்டு, அப்படியே அப்பா தோளில் தூங்கிவிட்டான்.

வீட்டில் சமைத்த சாப்பாட்டைக் கொண்டுபோக அனுமதி இல்லை. ரைஸ் குக்கர், கெட்டில் போன்ற சூடு பண்ணும் சாமான்களையும் ஏறும் இடத்திலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பிரிக்காத குழந்தை உணவு டப்பா, பால் பவுடர் கொண்டுபோகலாம். வெந்நீர் கேட்டால் தருவார்கள்.

பேட்டையிலிருந்து ஒரு மைனி: இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு நேரம் இருக்கிறதாமே, எதைத் தேர்ந்தெடுக்க?

முந்தியதை எடுங்கள் மைனி. ஐந்தரை, ஆறு மணிக்கு ஒன்று, எட்டு, எட்டரைக்கு ஒன்று என்று இருக்கும். நம் வீடுகளில் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுப் பழக்கம் என்பதால் எல்லோரும் பிந்தியதைக் கேட்கிறார்கள். அங்கே சாப்பாடு ஒவ்வொரு வகையாக வந்து முடிய ஒன்றரை மணி நேரம் ஆகும். பகலெல்லாம் தண்ணீரில் ஆடிய பிள்ளை எட்டரைக்கு சூப் வரும்போதே மேஜையில் சாய்ந்துவிடும். உட்கார்ந்ததும் "பிள்ளைகளுக்கு முதலில் கொண்டு வாருங்கள்" என்று சொல்லிவிடுங்கள். சில கப்பல்களில் பிள்ளைகள் முக்கால் மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடித்ததும் கிட்ஸ் கிளப் ஆட்களே டைனிங் ரூமுக்கு வந்து கூட்டிப் போவார்கள், பெரியவர்கள் மெதுவாகச் சாப்பிடலாம். ஏறிய அன்றே விசாரியுங்கள்.

கிட்ஸ் கிளப்புக்குப் பகலில் தனிக் காசு கிடையாது. ராயல் கரீபியனில் இரவு 10 மணிக்கு மேல் மணிக்கணக்கில் வாங்குவார்கள்.

என் மனதில் பட்டதையும் சொல்கிறேன். காலை முதல் இரவு வரை பிள்ளையைக் கிளப்பிலேயே விட்டுவிடாதீர்கள். படம் வரைவது, புதையல் தேடுவது, சின்ன அறிவியல் சோதனை என்று அங்கே நன்றாகவே வைத்துக்கொள்வார்கள். ஆனால் இரவு மேஜைக்கு வந்து "இன்னிக்கு நான் என்ன செஞ்சேன் தெரியுமா" என்று அந்தப் பிள்ளைகள் பேசுவதை நான் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். அதைக் கேட்க நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து: ஆச்சி கூட வருகிறார்கள். வெங்காயம், பூண்டு சேர்க்கமாட்டார்கள். ஜெயின் சாப்பாடு என்று போட்டால் போதுமா?

போதும், ஆனால் ஜெயின் என்றால் உருளைக்கிழங்கு, கேரட்டும் வராது. ஆச்சி அதெல்லாம் சாப்பிடுவார்கள் என்றால் "சைவம், வெங்காயம் பூண்டு வேண்டாம்" என்றே எழுதச் சொல்லுங்கள். முட்டையையும் தனியாகச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கப்பலில் வெஜிடேரியன் என்றால் முட்டை இருக்கலாம், கேக்கில் நிச்சயம் இருக்கும்.

சங்கரன்கோவிலிலிருந்து: மகள் தமிழ் மீடியம். கிளப்பில் எல்லாம் இங்கிலீஷாமே?

ஆமாம். இருந்தாலும் பயப்பட வேண்டாம். விளையாட்டுக்குப் பாஷை கொஞ்சம் போதும், இரண்டாம் நாளே கூட்டாளி பிடித்துவிடுவார்கள். பாத்ரூம் போகணும், தண்ணீர் வேணும், வலிக்குது, அம்மாவைக் கூப்பிடுங்க. இந்த நாலையும் இங்கிலீஷில் வீட்டிலேயே பத்து நாள் சொல்லிப் பழக்குங்கள். முதல் தடவை கொண்டுபோய் விடும்போது பொறுப்பாளரிடமும் சொல்லிவிடுங்கள். அழுதால் உங்களைக் கூப்பிடுவார்கள். நீங்கள் எழுதிக் கொடுத்த ஆளைத் தவிர வேறு யாரிடமும் பிள்ளையை அனுப்பமாட்டார்கள். தாத்தா கூட்டிவரப் போவார் என்றால் அவர் பெயரும் அதில் இருக்க வேண்டும்.

தூத்துக்குடியிலிருந்து: மகனுக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. ஏஜென்டிடம் சொல்லியாகிவிட்டது.

அது போதாது அண்ணாச்சி. இதில் நான் கண்டிப்பாகவே பேசுகிறேன். ஒரு முறை இதே போல ஏஜென்டிடம் சொல்லிவிட்டு வந்த குடும்பம் என் மேஜையில் உட்கார்ந்தது. என் கையில் இருந்த பட்டியலில் அந்தப் பிள்ளை பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை. நல்லவேளை, அம்மா வாய்விட்டுக் கேட்டார். அன்று சிக்கனுக்குத் தொட்டுக்கொள்ள வைத்திருந்ததே கடலைச் சாஸ்தான். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

பதிவு செய்யும்போது கப்பல் கம்பெனிக்கே எழுத்தில் கொடுங்கள், பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதும் ஹெட் வெயிட்டரிடம் ஒரு தடவை, கிட்ஸ் கிளப்பில் ஒரு தடவை நேரில் சொல்லுங்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு இரவும் மறுநாள் மெனுவைக் கொண்டுவரச் சொல்லி அதில் தேர்ந்தெடுங்கள், பிள்ளைக்குத் தனியாகச் செய்து தருவார்கள். பஃபே அந்தப் பிள்ளைக்கு வேண்டாம். ஒரு பாத்திரத்துக் கரண்டியை அடுத்ததில் போட யாரையும் தடுக்க முடியாது. டாக்டர் எழுதிய மருந்து எப்போதும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

மகாராஜநகரிலிருந்து: பத்தாவது முடித்த பையன். "நான் ரூமிலேயே இருக்கேன்" என்கிறான்.

முதல் நாள் இரவு மட்டும் அந்த வயதுப் பிள்ளைகளுக்கான கூட்டத்துக்கு அனுப்பிவிடுங்கள். அன்றைக்குத்தான் கூட்டாளிகள் சேர்வது. விட்டுவிட்டால் அப்புறம் நுழைய அவனுக்கே கூச்சமாகிவிடும். கப்பலில் வைஃபைக்குத் தனிக் காசு. அதை வாங்கிக் கொடுக்காமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

உவரியிலிருந்து: பாதுகாப்பு பற்றிச் சொல்லுங்கள்.

2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கொன்கோர்டியா பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்கு ஏறிய நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஆபத்து நேரத்தில் எங்கே கூட வேண்டும் என்ற பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதனால் இப்போது புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ பயிற்சி கட்டாயம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்கு நேரில் நடந்து போங்கள். சில கப்பல்களில் அந்த இடத்தின் எண் போட்ட பட்டையைப் பிள்ளை கையில் கட்டிவிடுவார்கள், குளிக்கும்போதும் கழற்ற வேண்டாம். பிள்ளை அளவுக்கு லைஃப் ஜாக்கெட் வேண்டுமென்று கேபின்காரரிடம் கேளுங்கள். பால்கனி அறை எடுத்தால் அங்கே நாற்காலியைக் கம்பியோரம் போடக்கூடாது. ஓடியாடும் பிள்ளைக்கு நான் ஜன்னல் மட்டும் உள்ள அறையைத்தான் சொல்வேன்.

சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். கப்பலில் பரவும் நோரோ வைரஸ் வாந்தி, பேதிக்குக் கை சானிடைசர் சரியாகக் கேட்காது.

ஸ்ரீவைகுண்டத்திலிருந்து: தலைச்சுற்றல், வாந்தி வருமா?

நடுவில், கீழ்த் தளத்தில் அறை எடுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. வெறும் வயிறாக விடாதீர்கள். மாத்திரையை உங்கள் பிள்ளை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள், பெரியவர்கள் மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள்.

டவுணிலிருந்து ஒரு தம்பி: வெயிட்டருக்கு அல்வா கொண்டுபோகலாமா அண்ணே? டிப்ஸ் எவ்வளவு?

டிப்ஸ் வெளிநாட்டுக் கப்பல்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர் வரை கணக்கிலேயே ஏறிவிடும், பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அதை முன்கூட்டியே பட்ஜெட்டில் போட்டுவிடுங்கள்.

அல்வா, கடையில் சீல் போட்டுக் கொடுத்த பெட்டியாக இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். இலையில் சுற்றியது வேண்டாம். ஒரு தடவை நம் டவுண் குடும்பத்துப் பெண் குழந்தை கடைசி ராத்திரி எனக்கு ஒரு கால் கிலோப் பெட்டியைக் கொடுத்தது. வேலை முடிந்து நள்ளிரவுக்கு மேல் கீழ்த் தளத்தில் பிலிப்பைன்ஸ்காரர், இந்தோனேசியக்காரர் என்று ஒன்பது பேர் அந்தப் பெட்டியைச் சுற்றி நின்றோம். விரலில் ஒட்டிய நெய்யைக் கடைசி வரை ஒருவரும் துடைக்கவில்லை.