இரண்டு துளையா, நான்கு துளையா?

நிலமூல வெப்பப் பம்பு (நிலத்தில் துளையிட்டு இறக்கிய குழாய் வழியே மண்ணோடு வெப்பத்தைப் பரிமாறி வீட்டைக் குளிர்விக்கும் அல்லது சூடாக்கும் கருவி) வைக்க, ஒரே வீட்டுக்கு ஒருவர் இரண்டு துளை போதும் என்கிறார், இன்னொருவர் நான்கு வேண்டும் என்கிறார், யாரை நம்புவது என்று கேட்டிருந்தீர்கள். துளை எண்ணிக்கையைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இருவரிடமும் வெப்பச் சுமைக் கணக்கை, அதாவது வீட்டைக் குளிர்விக்கவோ சூடாக்கவோ எவ்வளவு திறன் வேண்டும் என்ற கணக்கை, எழுத்தில் கேளுங்கள். அறை அறையாக, ஜன்னல், கூரை, சுவர்க் காப்பு எல்லாம் சேர்த்துப் போட்ட கணக்கு. “இத்தனை சதுர அடிக்கு இத்தனை டன்” (ஏசிக்குச் சொல்வதுபோல் பம்பின் திறன் அளவு) என்று வாய்க்கணக்குச் சொல்பவரை அப்படியே அனுப்பிவிடலாம்.

அப்புறம் துளை போடும் ஆள். தண்ணீருக்கு ஆழ்துளை போட்ட அனுபவம் இதில் பாதிதான் உதவும். குழாயை இறக்கியபின் வெப்பம் கடத்தும் கலவையை அடியிலிருந்து மேலாக நிரப்ப வேண்டும். நடுவில் வெற்றிடம் விழுந்தால் மண்ணுக்கும் குழாய்க்கும் தொடர்பு போச்சு. மேல்மட்டத்து அழுக்கு நிலத்தடி நீரில் கலக்கவும் வழியாகும். பாலிஎத்திலீன் குழாய் இணைப்புகளை உருக்கித்தான் ஒட்ட வேண்டும். மண்ணுக்கடியில் கிளாம்ப் போடுகிறேன் என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். மூடுவதற்கு முன் அழுத்தச் சோதனை உண்டா என்றும் கேளுங்கள்.

சான்றிதழ் என்றால், சர்வதேச நிலமூல வெப்பப் பம்பு சங்கம் பொருத்துநர்களுக்குப் பயிற்சியும் அங்கீகாரமும் தருகிறது. அது யார் பெயரில் இருக்கிறது, அவரே வேலைக்கு வருவாரா என்று பாருங்கள். சான்றிதழ் முதலாளியிடம், வேலை வேறு ஆளிடம் என்பது சகஜம்.

அவர்களுடைய பழைய வாடிக்கையாளர்களிடம் பேசும்போது வெயில் அல்லது குளிர் பருவத்தின் கடைசி வாரங்களில் பம்பு எப்படி ஓடியது என்று கேளுங்கள். குழாய் நீளம் குறைவாக இருந்தால் அப்போதுதான் தெரியும். இரண்டு கணக்கும் கைக்கு வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கலாம்.