கடைசி நாள் கடற்கரை: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அணிகள் கிறிஸ்தவ ஊழியத்துக்காக வெளிநாடு போகும் மிஷன் பயணங்களைப் பற்றிச் சென்ற இதழில் ஏதோ நாலு வரி எழுதினேன். அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கும் வீடுகளிலிருந்து கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

*

கேள்வி: நான் அமெரிக்காவில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் வாலிபால் அணியில் ஆடுகிறேன். மே மாதம் அணியாகக் கரீபியன் நாடான டொமினிக்கன் குடியரசுக்கு மிஷன் பயணம் போனோம். ஆறு நாள் பிள்ளைகளுக்குப் பயிற்சி முகாம், ஏழாம் நாள் கடற்கரை. கடற்கரைப் படங்களைப் போட்டதும், பயணத்துக்குப் பணம் கொடுத்த மாமா, "இதுக்குத்தானா காணிக்கை கொடுத்தேன்?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அந்தப் படங்களைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. நாங்கள் செய்தது தப்பா?

கடலில் குளித்தது தப்பில்லை. குளிக்கப் போகிறோம் என்று மாமாவிடம் முன்னாலேயே சொல்லாததுதான் தப்பு.

பணம் கேட்டு நீங்கள் எழுதிய கடிதத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஏழைப் பிள்ளைகள், சுவிசேஷம், ஜெபம் எல்லாம் இருக்கும், ஏழாம் நாள் மட்டும் இருக்காது. மாமாவுக்குக் கோபம் வந்தது அந்த இடைவெளியில்தான். "ஏழாம் நாள் ஓய்வு, கடற்கரைக்குப் போகிறோம், அன்றைய பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் எங்கள் கைக்காசு" என்று ஒரு வரி இருந்திருந்தால் அவரே "நல்லா குளிச்சிட்டு வாம்மா" என்று சொல்லியிருப்பார்.

ஓய்வு எடுப்பது பாவம் என்று நினைப்பவர்கள் மாற்கு ஆறாம் அதிகாரத்தைப் படிக்கலாம். சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பி வைக்கிறார் இயேசு. அவர்கள் திரும்பி வந்து செய்ததையெல்லாம் சொல்லும்போது சாப்பிடக்கூட நேரமில்லாமல் கூட்டம் மொய்க்கிறது. தனியிடத்துக்குப் போய்ச் சற்று இளைப்பாறலாம் வாருங்கள் என்று அவரே படகில் கூட்டிப்போகிறார். இந்த வசனத்தைக் காட்டித்தான் பல அணிகள் கடற்கரை நாளை நியாயப்படுத்துகின்றன. சரி, அடுத்த மூன்று வசனத்தையும் படித்துவிட்டுப் பேசலாமே? கரையோரமாகவே ஓடி ஜனங்கள் முந்திக்கொண்டு வந்துவிட்டார்கள், அவர்களைப் பார்த்து அவர் மனதுருகினார், ஓய்வு போயே போச்சு.

அணியைக் கூட்டிப்போகிறவர்கள் கடற்கரையைக் கடைசியில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஆறு நாளும் வெயிலில், சிமென்ட் தரையில், மொழி தெரியாத ஊரில் ஓடிக்கொண்டே இருந்ததால் பார்த்தது எதுவும் மனதில் தங்கியிருக்காது. அங்கிருந்து நேராக விமானம் ஏறி அடுத்த நாள் வகுப்பில் உட்கார்ந்தால் எல்லாம் அப்படியே அமுங்கிவிடும். ஆறு நாளும் சிரித்துக்கொண்டே இருந்த பெண் ஏழாம் நாள் மணலில் உட்கார்ந்து அழுவது சாதாரணமாக நடப்பதுதான். அதற்கு ஓர் இடம் வேண்டும்.

நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறொன்று. ஆறு நாளும் உங்களோடு நின்று ஸ்பானிஷில் மொழிபெயர்த்தார்களே, காலையில் வலை கட்டினார்களே, அந்த ஊர்த் திருச்சபை இளைஞர்கள், அவர்கள் ஏழாம் நாள் எங்கே இருந்தார்கள்? உங்கள் பேருந்தில் ஏறினார்களா, வாசலில் நின்று கையசைத்தார்களா? அவர்களுக்கும் அதே ஆறு நாள்தான், அதே வெயில்தான். தலைநகர் சாண்டோ டொமிங்கோவிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் போக்கா சிக்கா கடற்கரை இருக்கிறது. பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடுவதால் இடுப்பளவுத் தண்ணீரில் வெகுதூரம் நடக்கலாம், ஞாயிற்றுக்கிழமை தலைநகரக் குடும்பங்கள் சட்டி பானையோடு வந்து இறங்கும் இடம். அங்கே போனால் அந்த இளைஞர்கள்தான் உங்களுக்கு ஊரைக் காட்டுவார்கள். வேலி போட்ட விடுதிக் கடற்கரைக்குப் போனால், நீங்கள் பார்க்கும் உள்ளூர்க்காரர் எல்லாரும் தட்டு ஏந்தி வருகிறவர்களாகத்தான் இருப்பார்கள். என்னைக் கேட்டால் பேருந்தில் யார் யார் ஏறினார்கள் என்பதைப் பார்த்தே ஊழியமா உல்லாசமா என்று சொல்லிவிடலாம்.

மாமாவுக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். கடற்கரைக்காக வாதாட வேண்டாம். "சொல்லாமல் விட்டது என் தப்பு மாமா" என்று தொடங்கி, அங்கே பழகிய மூன்று பேரைப் பற்றி எழுதினால் போதும்.

*

கேள்வி: நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. மகள் அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இருக்கிறாள். அணியோடு மிஷன் பயணம் போக ஆசைப்படுகிறாள். அனுப்பலாமா? மறுத்தால் பயிற்சியாளர் அவளை ஆட்டத்தில் இறக்காமல் விட்டுவிடுவாரோ என்றும் பயமாக இருக்கிறது.

அம்மா, முதலில் கல்லூரி யாருடையது என்று பாருங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால், ஜெபத்துக்கோ மதப் பயணத்துக்கோ வந்தே ஆக வேண்டும் என்று பயிற்சியாளர் கட்டாயப்படுத்த முடியாது. ஆட்டம் முடிந்து ஒரு பள்ளிப் பயிற்சியாளர் மைதானத்தில் தனியாக ஜெபிக்கலாம் என்று 2022-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது உண்மைதான். அது அவருடைய சொந்த ஜெபத்துக்குக் கிடைத்த உரிமை, உங்கள் மகளை இழுத்துப்போக அல்ல. சபை நடத்தும் தனியார் கல்லூரி என்றால் கதை வேறு, சேரும்போதே என்னவெல்லாம் கையெழுத்துப் போட்டாள் என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், இது அணியின் அதிகாரப்பூர்வப் பயணமா, அல்லது அணியில் சிலர் ஒரு மிஷன் அமைப்போடு போவதா என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றல்ல. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் முதல் பிரிவில் ஓர் அணி வெளிநாடு போய்ப் போட்டி ஆடுவதற்கு நான்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் அனுமதி, அதனால் பயிற்சியாளர்கள் அந்த வாய்ப்பை யோசித்துத்தான் செலவழிப்பார்கள்.

மகள் போவதாக இருந்தால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே பேசிவிடட்டும். இந்தப் பயணங்களில் ஒவ்வொரு நாளும் ஒருவர் எழுந்து 'சாட்சி' சொல்வார், அதாவது கடவுள் தன் வாழ்க்கையில் என்ன செய்தார் என்று. நம்பாததை மேடையேறிச் சொல்ல வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை, அந்த நேரத்தில் பந்துகளுக்குக் காற்றடிக்கட்டும். நல்ல பயிற்சியாளராக இருந்தால் சிரித்துக்கொண்டே சரி என்பார், முகம் சுளித்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

அவள் மாணவர் விசாவில் இருப்பவளானால், கிளம்புவதற்கு முன் ஐ-20 படிவத்தில் பயணக் கையெழுத்தைச் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் வாங்கிவிடச் சொல்லுங்கள். மற்ற பிள்ளைகளுக்கு இது தேவைப்படாது, அதனால் யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

*

கேள்வி: டொமினிக்கன் குடியரசு ஏற்கெனவே கிறிஸ்தவ நாடுதானே? அங்கே போய் என்ன மிஷன்?

நல்ல கேள்வி. அந்த நாட்டுக் கொடியின் நடுவில் இருக்கும் சின்னத்தில் திறந்த வேதாகமமே இருக்கிறது, யோவான் எட்டாம் அதிகாரத்தில் திறந்தபடி. பெரும்பாலான மக்கள் கிறிஸ்தவர்கள், அதிலும் கத்தோலிக்கர்களே அதிகம். இயேசுவை முதன்முதலாக அறிமுகப்படுத்தப் போகிறோம் என்று நினைத்து விமானம் ஏறும் பிள்ளைகள் இறங்கியதும் கொஞ்சம் திகைத்துத்தான் போகிறார்கள்.

விளையாட்டு விஷயம் அதைவிட வேடிக்கை. அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பால் அணிகள் முப்பதும் அங்கே பயிற்சிக்கூடம் வைத்து ஆள் எடுக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்குப் போய்ப் பேஸ்பால் கற்றுக்கொடுக்கிறோம் என்பது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதை! துடைப்பக் கட்டையை மட்டையாகவும் பெரிய தண்ணீர்க் கேனின் மூடியைப் பந்தாகவும் வைத்து 'விட்டிலா' என்று தெருவில் ஒரு ஆட்டம் ஆடுவார்கள். காற்றில் வளைந்து நெளிந்து வரும் அந்த மூடியை அடித்துப் பழகியவனுக்குப் பந்தெல்லாம் பூசணிக்காய் மாதிரித் தெரியும். கல்லூரி வீரர்கள் மூன்று முறை வீசிப் பார்த்தும் மூடியைத் தொட முடியாமல் நிற்பதும் சிறுவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பதும்தான் பல பயணங்களின் உண்மையான தொடக்கம். வாலிபாலும் அப்படித்தான். அந்நாட்டுப் பெண்கள் அணிக்குக் 'கரீபியன் ராணிகள்' என்று பட்டப்பெயர், 2003-லும் 2019-லும் பான் அமெரிக்கன் போட்டியில் தங்கம் வாங்கிய அணி.

அப்படியானால் போகவே வேண்டாமா? போகலாம், கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்ற மிதப்பில் போகாமல் இருந்தால். கரும்புத் தோட்டங்களை ஒட்டி 'பதேய்' என்ற குடியிருப்புகள் இருக்கின்றன, பெரும்பாலும் பக்கத்து நாடான ஹெய்ட்டியிலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் வாழும் இடம். 2013-இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பால், அங்கேயே பிறந்த ஹெய்ட்டி வம்சாவளியினர் ஏராளமானோர் குடியுரிமையை இழந்தார்கள். அந்தத் தெருவில் பந்து போட்டு ஆடப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? அங்கே ஆண்டு முழுக்க வேலை செய்யும் சபைகளும் பயிற்சியாளர்களும் இருக்கிறார்கள். என்ன வேண்டும் என்று அவர்களைக் கேட்டுவிட்டுப் போங்கள். கேட்காமல் போனால், ஆறடி வீரர்கள் போட்டுக் கழித்த காலணிகளை எட்டு வயசுப் பிள்ளைகளுக்கு மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுப்பீர்கள்.

*

கேள்வி: விளையாட்டையும் ஊழியத்தையும் சேர்த்தது இந்தக் காலத்துப் பழக்கம்தானே?

இல்லை. சி.டி. ஸ்டட் என்ற இங்கிலாந்து கிரிக்கெட் வீரர், ஆஷஸ் என்ற பெயருக்கே காரணமான 1882 ஓவல் டெஸ்டில் ஆடியவர் (ஏழு ரன்னில் தோற்றபோது மறுமுனையில் ஒரு பந்துகூடச் சந்திக்காமல் நின்றுகொண்டிருந்தார் பாவம்), 1885-இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டுச் சீனாவுக்கு மிஷனரியாகப் போனார். கூடைப்பந்து 1891-இலும் வாலிபால் 1895-இலும் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் பிறந்த ஆட்டங்கள். ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல் 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்து 100 மீட்டரை விட்டுக்கொடுத்து, 400 மீட்டரில் தங்கம் வாங்கி, அடுத்த ஆண்டே மிஷனரியாகச் சீனாவுக்குப் போய் 1945-இல் அங்கேயே ஜப்பானியர் முகாமில் இறந்தார். இவர்கள் யாரும் எட்டு நாளில் திரும்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரி வீரர்களை வைத்து நடக்கும் இன்றைய முறைக்கு அமெரிக்காவில் 1954-இல் தொடங்கிய கிறிஸ்தவ விளையாட்டு வீரர் ஐக்கியமும் 1966-இல் வந்த 'அத்லீட்ஸ் இன் ஆக்‌ஷன்' அமைப்பும்தான் பெரிய காரணம்.

*

கேள்வி: மகன் கால்பந்து வீரன், நல்ல உடம்பு. கடற்கரை நாளில் எதற்காவது கவலைப்பட வேண்டுமா?

நல்ல உடம்பு என்பதற்காகத்தான் கவலைப்பட வேண்டும். தனக்கு ஒன்றும் ஆகாது என்று நினைப்பவர்கள் விளையாட்டு வீரர்கள்.

கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம் சில சமயம் விநாடிக்கு 2 மீட்டருக்கு மேல் போகும். 100 மீட்டர் நீச்சலில் உலக சாதனை வைத்திருப்பவரின் வேகமே ஏறத்தாழ அவ்வளவுதான். எதிர்த்து நீந்தினால் களைத்து மூழ்கத்தான் வேண்டும். மிதந்துகொண்டே, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுவை விட்டதும் கரைக்குத் திரும்ப வேண்டும். கால்பந்து ஆடுபவன் நீச்சல் தெரிந்தவனாக இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை, நண்பர்கள் முன்னால் தெரியாது என்று சொல்லக் கூச்சப்பட்டு உள்ளே இறங்குவான், அதைக் கிளம்பும் முன்பே பயிற்சியாளர் காதில் போட்டுவிடுங்கள்.

வெயில் அடுத்தது. வெயில் தடுப்புக் களிம்பை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, தண்ணீரிலிருந்து ஏறியதும் திரும்பவும் பூச வேண்டும். ஒருமுறை நான் மேகமூட்டம்தானே என்று பூசாமல் இருந்து, விமானத்தில் நாலு மணி நேரம் முதுகு சாயாமல் உட்கார்ந்து வந்தேன்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. கரீபியன் கடற்கரைகளில் மான்சினீல் என்று ஒரு மரம், சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி காய்க்கும். காயைக் கடித்தால் தொண்டை வெந்துவிடும், பால் பட்டால் தோல் கொப்பளிக்கும், மழைக்கு அதனடியில் ஒதுங்கினாலும் அதே கதிதான். பழக்கமில்லாத காயை எடுத்து யாரும் வாயில் வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள், அந்த வயசுப் பையன்களுக்கு அதைச் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை அங்கே புயல் காலம் என்பதால், பயணக் காப்பீடு புயலுக்கும் செல்லுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

*

கேள்வி: கடற்கரைக்குப் பெண்கள் என்ன உடுத்த வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு விதிகள் அனுப்பியிருக்கிறார்கள். பையன்களுக்கு ஒரு வரிதான். இது நியாயமா?

இல்லை. பெண்களுக்கான தாளில் உள்ள எல்லா விதிகளையும் பையன்களுக்கும் பொருத்தி ஒரு பிரதி எடுத்துப் பயிற்சியாளர் மேசையில் வைத்துவிடுங்கள். இரண்டு தாளும் சீக்கிரம் ஒரு வரிக்கு வந்துவிடும்.

*

கேள்வி: நான் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் உதவிப் பயிற்சியாளர். இந்த முறை உள்ளூர் மொழிபெயர்ப்பாளர்களையும் அவர்கள் குடும்பத்தையும் கடற்கரைக்கு அழைக்க நினைத்தோம். கணக்குப் பார்த்தால் பதினாலு பேர் அதிகம், பேருந்தில் இடமில்லை. என்ன செய்யலாம்?

பெரிய பேருந்தாக எடுங்கள்.