குடும்பமும் டீ டிராலியும்

அன்புள்ள ஐயா,

ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய மென்பொருள் நிறுவனத்தில் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறேன். சேர்ந்த புதிதில் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் யாரும் எழுந்து தலைவரிடம் எதையும் கேட்கலாம். இப்போது கேள்வியை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். வாரத்தில் எத்தனை நாள் அட்டை தேய்த்தோம் என்று கணக்கெடுக்கிறார்கள். போன மாதம் பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு மெயில் வந்தது. மதியத்துக்குள் லேப்டாப்பை வாங்கிக்கொண்டார்கள். குடும்பம் மாதிரி இருந்த இடம். இருப்பதா, வேறு வேலை தேடுவதா?

எஸ்., சோழிங்கநல்லூர்

அன்புள்ள எஸ்.,

போன வாரம் கிண்டி எஸ்டேட் பக்கம் போயிருந்தேன். நான் முதன்முதலில் வேலை பார்த்த ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கட்டடம். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். வந்தால் உங்கள் கடிதம்.

அட்டை தேய்ப்பதை விடுங்கள். மில் சங்கு ஊதின காலத்திலிருந்தே வருகைக் கணக்கு உண்டு. எனக்குக் கோபம் வந்தது அந்தக் 'குடும்பம்' என்ற சொல்லைப் பார்த்துத்தான். எந்த வீட்டில் அம்மா வருடா வருடம் பிள்ளைக்கு அப்ரைசல் போடுகிறாள்? கூகுள் 2004-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, நாங்கள் வழக்கமான கம்பெனி அல்ல, அப்படி ஆகும் எண்ணமும் இல்லை என்று நிறுவனர்கள் எழுதினார்கள். 2019-ல் அங்கேயும் வாராந்திரக் கூட்டம் மாதம் ஒருமுறை ஆனது. 2023 ஜனவரியில் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவிப்பு வந்தது. அறிவித்த சுந்தர் பிச்சை நம் அசோக் நகரில் வளர்ந்தவர்தான். அவரைத் திட்டச் சொல்லவில்லை. மனமுவந்து கொடுத்ததை மனம் மாறினால் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான்.

பெரம்பூர் மில் தொழிலாளர்களுக்கு இது தெரிந்திருந்தது. மதியம் சோறு தின்னப் போதிய நேரமில்லை என்பது அவர்களுடைய குறைகளில் ஒன்று. அதற்காக உட்கார்ந்து கண்கலங்கவில்லை, 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் ஆரம்பித்தார்கள். ஐ.டி. ஊழியர்களும் சங்கம் வைக்கலாம் என்று 2016-ல் தமிழக அரசே சொல்லிவிட்டது. உங்கள் மாடியில் எத்தனை பேருக்கு அது தெரியும்?

சரி, கிண்டிக்கு வருகிறேன். 1987. தினம் பத்தே முக்காலுக்கு டீ டிராலி வரும். ஒரு சக்கரம் கிறீச்சிடும், அந்தச் சத்தம் கேட்டதும் பேனாவை மூடிவிடுவோம். டீக்காரர் யாரையும் எதுவும் கேட்க மாட்டார். சர்க்கரை போடாத கிளாஸ் அக்கவுண்டன்ட் மேஜைக்கு, ஸ்ட்ராங் டீ எனக்கு. ஒரு திங்கட்கிழமை டிராலி வரவில்லை. வராந்தாவில் ஒரு மெஷின் நின்றது. மூன்று மாதம் அந்த டீயைத் திட்டினோம். பால் பவுடர் வாடை அடிக்கிறது என்று மேனேஜருக்கு ஒரு மனு போனது. எழுதியது நான். இருபத்திரண்டு பேர் கையெழுத்து. நல்ல ஆங்கிலம், இரண்டு பக்கம். டீக்காரர் எங்கே போனார் என்று அதில் ஒரு வரி கிடையாது. எனக்கு அது தோன்றியதே ரிடையர் ஆன பிறகுதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதம் அந்த மனு மாதிரி இருக்கிறது. பதினொரு வருடத்தில் உங்கள் மாடியைத் துடைக்கிற பெண்களின் கான்ட்ராக்ட் எத்தனை தடவை கைமாறியது? அப்போதெல்லாம் 'கலாச்சாரம் மாறிவிட்டது' என்று உங்களுக்குத் தோன்றியதா?

இருப்பதா போவதா என்று கேட்டீர்கள். இ.எம்.ஐ. எவ்வளவு பாக்கி, நோட்டீஸ் பீரியட் எத்தனை நாள் என்று பார்த்து நீங்களே முடிவு செய்துகொள்ளலாம், அதற்கு நான் வேண்டாம். அப்புறம், லேப்டாப்பைக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாரே அந்தப் பக்கத்து சீட்டுக்காரர், அவருக்கு ஒரு போன் பண்ணினீர்களா? கடிதத்தில் இல்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, வீட்டில்தான் இருப்பார்.