ஸ்ட்ராபெரி இலையை உரக்கடையில் கொடுக்காதீர்கள்

கேள்வி: கொடைக்கானல் மேல்மலையில் 40 சென்ட்டில் ஸ்ட்ராபெரி, விண்டர் டான் ரகம். சொட்டுநீரில் வாரம் இரண்டு முறை 19:19:19 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) விடுகிறேன். கீழ் இலைகளின் ஓரம் சிவந்து கருகுகிறது. மண்வள அட்டையில் சாம்பல்சத்து (பொட்டாஷ்) ‘அதிகம்’ என்று இருக்கிறது. உரக்கடைக்காரர் நுண்ணூட்டக் கலவை அடிக்கச் சொல்கிறார். இலையைக் கொடுத்தால் அவரே பரிசோதனைக்கு அனுப்புவாராம். கொடுக்கலாமா?

பதில்: பரிசோதனை செய்யுங்கள். இலையை மட்டும் அவர் கையில் கொடுக்காதீர்கள்.

முதலில் அந்த அட்டை. 2015-ல் மண்வள அட்டைத் திட்டம் வந்தபோது பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்றுதான் கணக்கு வைத்தார்கள். அதாவது ஆறு ஏக்கருக்கு மேல். உங்கள் 40 சென்ட் அதில் ஒரு மூலை. மலைச்சரிவில் மேல் படி மண் ஒன்று, கீழ் படி மண் இன்னொன்று. உங்கள் அட்டையில் இருப்பது பக்கத்து உருளைக்கிழங்குக் காட்டு மண்ணாகக்கூட இருக்கலாம். 12 அளவுகளை அச்சடித்து மேலே உங்கள் பெயரைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது! சரி, அட்டை சரியாகவே இருக்கட்டும். மண்ணில் இருப்பதெல்லாம் செடிக்குள் போய்விடாது. வேர் அழுகினாலோ, மண்ணில் புளிப்பு மிஞ்சினாலோ சத்து அங்கேயே கிடக்கும். செடிக்குள் எவ்வளவு சேர்ந்தது என்று இலைதான் சொல்லும்.

எந்த இலை என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். நோயாளியைத்தானே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று கருகிய கீழ் இலையைப் பறித்து அனுப்புகிறார்கள். ஆய்வகத்தின் அளவுகோலோ, முழுதாக விரிந்து முதிர்ந்த இலைகளில் மிக இளையதற்குப் போட்டது. குருத்திலிருந்து வெளிப்பக்கமாக எண்ணினால் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது இலை. செடிக்கு ஒன்றாக 30, 40 செடிகளில் பறியுங்கள். காம்பை அங்கேயே கிள்ளிவிடுங்கள். காம்பில் சாம்பல்சத்து கூடுதலாக இருக்கும், கணக்கு குழம்பும். கருகும் பாத்தியில் ஒரு மாதிரி, நன்றாக இருக்கும் பாத்தியில் இன்னொன்று. நல்ல தண்ணீரில் சட்டென்று அலசி, நிழலில் ஈரம் உலர்த்தி, காகிதக் கவரில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வழியிலேயே அழுகும்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் முடிவு பொய்யாக வரும் இடம் ஒன்று உண்டு: மருந்து அடித்த இலை. மேங்கோசெப் என்ற பூசணக்கொல்லியிலேயே மாங்கனீசும் துத்தநாகமும் இருக்கின்றன. காப்பர் ஆக்சிகுளோரைடில் இருப்பது தாமிரம். இவை இலையில் ஒட்டிக்கொள்ளும், அலசினாலும் முழுதாகப் போகாது. ஆய்வகக் கருவிக்கு இலைக்குள் இருப்பதும் மேலே ஒட்டியிருப்பதும் ஒன்றுதான். துத்தநாகம் தாராளம் என்று முடிவு வரும். செடி உள்ளே பட்டினி கிடக்கும். அதனால் மருந்து அடித்தபின் வந்த புது இலை முதிரும்வரை பொறுத்துப் பறியுங்கள். பொறுக்க முடியாதென்றால் என்ன அடித்தீர்கள், எந்தத் தேதி என்று கவர் மேலேயே எழுதுங்கள். அப்போது அந்த மூன்று சத்துகளின் எண்ணை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் படிக்கலாம். நுண்ணூட்டக் கலவைக்கும் இதே கதைதான். இன்று அதை அடித்துவிட்டு அடுத்த வாரம் இலையைப் பறித்தால், கடைக்காரர் விற்ற கலவையைத்தான் காசு கொடுத்துப் பரிசோதிக்கிறீர்கள்.

கடைக்காரர் அனுப்பும் பரிசோதனையில் முடிவுக்குக் கீழேயே எந்த டப்பா, எத்தனை லிட்டர் என்று அச்சாகி வரும். அப்படி வந்த தாளை நம்பாதீர்கள். மருந்து விற்பவரே ரத்தப் பரிசோதனையும் செய்தால் யாருக்குத்தான் சத்து குறையாது?

கோவை வேளாண் பல்கலைக்கழக மண்ணியல் துறையில் முன்கூட்டிக் கேட்டுவிட்டு நீங்களே அனுப்புங்கள். கேட்காமல் போகாதீர்கள். கையில் இலையோடு ஓர் ஆய்வகத்துக்குப் போய், “மண் எங்கே?” என்ற கேள்வியோடு திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

முடிவு வந்ததும் தழைச்சத்து (நைட்ரஜன்) 2 முதல் 2.8 சதவீதத்துக்குள், சாம்பல்சத்து 1.5 முதல் 2.5-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். தழைச்சத்து அதற்கு மேலே போனால் பழம் கொழகொழத்து, சாம்பல் பூசணமும் சிலந்திப்பேனும் வரும். காய்ப்பு உச்சத்தில் பழம் இழுப்பதால் இலையில் சாம்பல்சத்து கொஞ்சம் இறங்கும். அதற்காகப் பதற வேண்டாம்.

உங்கள் செடியில் எனக்கு முதல் சந்தேகம் உப்பின் மேல். ஸ்ட்ராபெரி உப்பைத் தாங்காத பயிர். வேர்ப்பகுதி மண்ணின் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே மகசூல் குறையத் தொடங்கும். பாத்தியில் மூடாக்கு ஷீட் போட்டிருந்தால் அதற்கு அடியில் மழை இறங்காது. வாரம் இரண்டு முறை விடும் உரம் சேர்ந்துகொண்டே போகும். அதனால் இலையோடு சொட்டுக்குழாய்க்கு அடியிலுள்ள மண்ணையும் ஒரு கவரில் எடுத்து, மின்கடத்துதிறனும் அமிலநிலையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் எடுத்து முடித்த அன்றே ஒருமுறை வெறும் தண்ணீரை நன்றாக விடுங்கள். முடிவு வரும்வரை 19:19:19 வாரம் ஒருமுறை போதும், அதுவும் பாதி அளவு.